ஹாலோவெல் காவல்துறையின் நீச்சல்குளப் பிரிவு

எங்கள் மாநிலத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரு நகராட்சி தன் காவல்துறைக்கு ஒதுக்கும் தொகையைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது. குழந்தைக்குச் சட்டை எடுப்பது போல ஆண்டுதோறும் ஒரு அளவு பெரிதாகத்தான் எடுக்க வேண்டும். குழந்தை வளர்ந்ததா என்று பார்ப்பது சட்டப்படி குற்றம். அதனால் ஹாலோவெல் நகரத்தில் மற்ற துறைகள் ஒவ்வொன்றாக மெலிந்தன. முதலில் தெருவிளக்குகள் போயின. பிறகு நூலகத்தின் சனிக்கிழமை போயிற்று, அப்புறம் நூலகத்தின் மற்ற கிழமைகளும் போயின. ஃபுல்லர் தெரு நீச்சல்குளம் மூன்று கோடைகளாகப் பூட்டிக் கிடந்தது. அதன் அடியில் மழைத்தண்ணீரும் சருகும், யாரோ எறிந்த ஒரு சலவைக்கூடையும் கிடந்தன.

எங்கள் ஊர் வெயிலுக்குப் பூட்டு ஒரு பொருட்டில்லை. பிள்ளைகள் ஊருக்கு வடக்கே கைவிடப்பட்ட கல்குவாரிக்குக் குளிக்கப் போனார்கள். சென்ற ஜூலையில் அங்கே இரண்டு பையன்கள் மூழ்கிச் செத்தார்கள். ஒருவன் ஜார்விஸ், ஒர்னெட்டா ஹாஸ்கின்ஸின் அக்கா மகன். காவல்துறை வந்து குவாரியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியது. மறுநாள் பிள்ளைகள் நாடாவுக்கு அடியில் குனிந்து உள்ளே போனார்கள்.

ஒர்னெட்டா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு ஒரே மகள், கெசியா, பதினொரு வயது. போகாதே என்றால் போகிற வயது. அந்த வயதில் தானும் அப்படித்தான் இருந்தோம் என்பது ஒர்னெட்டாவுக்கு நினைவிருந்தது. எனவே மகளைத் தடுக்கும் யோசனையை விட்டுவிட்டாள். அடுத்த ஜூலைக்குள் கெசியா நீந்தக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவள் வேண்டியது. எங்கள் பகுதியில் அதற்கு ஃபுல்லர் தெருக் குளத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. ஒர்னெட்டா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை அணிந்துகொண்டு பட்ஜெட் கூட்டத்துக்குப் போனாள்.

பட்ஜெட் கூட்டத்தில் குடிமக்கள் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேசலாம். மேடையில் ஒரு விளக்கு இருக்கும். பச்சை என்றால் பேசலாம், மஞ்சள் என்றால் முடிக்கலாம், சிவப்பு என்றால் முடிந்தது. அன்று ஒர்னெட்டாவுக்கு முன்னால் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேசினார். பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது சிவப்பு விழுந்தது. இந்த ஒரு வாக்கியத்தை முடித்துக்கொள்கிறேனே என்று கேட்டார். சுவரோரம் நின்ற இரண்டு அதிகாரிகள் வந்து முடித்து வைத்தார்கள். அவர் முகம் தரையில் மோதிய சத்தத்தை ஒலிபெருக்கி கடைசி வரிசை வரை கொண்டு சேர்த்தது. அவருடைய பல்செட் பளபளப்பான தரையில் வழுக்கிக்கொண்டு வந்து ஒர்னெட்டாவின் செருப்பருகே நின்றது.

"அடுத்தவங்க வரலாம்," என்றார் மேயர் விட்லாக்.

ஒர்னெட்டா பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் மைக் முன்னால் நின்றாள்.

"மேயர் சார், என் பேரு ஒர்னெட்டா ஹாஸ்கின்ஸ். குளத்தத் தெறந்து விடுங்க சார். புள்ளைங்க குவாரிக்குப் போவுதுங்க. எங்கக்கா பையன் போயிட்டான். ஒரு லைஃப்கார்டு, கொஞ்சம் குளோரின், பூட்டுக்கு ஒரு சாவி. வேற எதுவும் கேக்கல."

விளக்கு இன்னும் பச்சையாகவே இருந்தது. அதற்குள் ஒருவர் பேசி முடித்துப் பழக்கமில்லாததால் மன்ற உறுப்பினர்கள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ் ஹாஸ்கின்ஸ், என் மனசு அப்படியே உருகிப்போச்சு," என்றார் மேயர். "ஆனா குளம் பூங்காத்துறையோடது. பூங்காத்துறைன்னு ஒண்ணு இப்ப இல்ல. அதோட நாற்காலியெல்லாம்கூட சீஃப் ஆபீசுக்குக் குடுத்தாச்சு."

காவல்துறைத் தலைவர் க்ளெய்போர்ன் எழுந்தார். அவருக்கு விளக்கு கிடையாது.

"மேயர், நான் ஒண்ணு கேக்கறேன். மூழ்கறதுன்னா என்ன? உயிருக்கு ஆபத்து. உயிருக்கு ஆபத்துன்னா அது பாதுகாப்பு விஷயம். பாதுகாப்புன்னா நாங்க. இந்த ஊர்ல நிலம் எங்க கண்காணிப்புல இருக்கு, ரோடு இருக்கு, ராத்திரி இருக்கு. தண்ணி மட்டும் இத்தன வருஷமா யார் கட்டுப்பாட்டுலயும் இல்லாம திரிஞ்சிட்டிருக்கு. குளத்த எங்ககிட்ட குடுங்க."

மன்றம் எழுந்து நின்று கைதட்டியது. ஃபுல்லர் தெருக் குளம் அன்றே காவல்துறையின் நீச்சல்குளப் பிரிவு ஆயிற்று. வெளியே வரும்போது ஒர்னெட்டா ஆசிரியரைத் தேடிப் பல்செட்டைக் கொடுத்தாள். அவர் கையில் விலங்கு இருந்ததால் அவளே வாயில் பொருத்திவிட்டாள்.

வழி தெரிந்ததும் மற்ற துறைகளும் வரிசையில் நின்றன. உயிரோடு இருக்க விரும்பிய துறைகள் எல்லாம் கோடைக்குள் காவல்துறையாகிவிட்டன. நூலகம் நூலகப் பிரிவு ஆயிற்று, எலி ஒழிப்பு எலிப் பிரிவு ஆயிற்று, குப்பை குப்பைப் பிரிவு ஆயிற்று. எல்லோருக்கும் சம்பளம் வந்தது, கூடவே துப்பாக்கியும் வந்தது.

எங்கள் தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருந்த லூதர் பிக்கன்ஸ் ஒரு வாரம் நாள் மறந்து குப்பைத்தொட்டியை ஒருநாள் முன்னதாக வெளியே வைத்துவிட்டார். விடியற்காலையில் குப்பைப் பிரிவு இரும்பு உலக்கையால் அவர் வீட்டுக் கதவைப் பெயர்த்தது. சமையலறைக்குள் ஒரு வெடி உருண்டு வந்தது. லூதரின் கிழட்டு நாய், மூட்டுவலியால் பல மாதமாகப் படுத்தே கிடந்தது, அந்தச் சத்தத்தில் எழுந்து நிற்கப் பார்த்தது. அதிகாரி அதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு நான்கு முறை சுட்டார். லூதரைக் குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை ஊன்றினார்கள். விலா எலும்பு ஒன்று முறிந்தது.

மறுவாரம் ஒர்னெட்டா கெசியாவுக்கு முடி திருத்தப் போனபோது, வெடியில் கருகி லூதருக்குப் புருவம் இல்லை.

"எல்லாத்தையும் ஒடச்சாங்க மிஸ் ஒர்னெட்டா. குப்பையை மட்டும் எடுக்கல. அது சாட்சியாம்," என்றார். "ஆனா நியாயமா ஒண்ணு சொல்லணும். நாப்பது வருஷத்துல குப்பைக்காரங்க இவ்வளவு சீக்கிரம் வந்து நான் பாத்ததில்ல."

"விலா வலிக்குதா?"

"சிரிச்சாத்தான் வலிக்குது. அதனால பட்ஜெட் செய்தி பாக்கறத நிறுத்திட்டேன். கேளு, அந்தக் குளத்துக்குப் புள்ளைய அனுப்பப் போறியா?"

"குவாரி இருக்கே லூதர்," என்றாள் ஒர்னெட்டா.

லூதர் கத்தரியை மாற்றினார்.

ஜூன் மாதம் குளம் திறப்புவிழா. வெளிநாட்டுப் போர் ஒன்றில் பழுதாகி ஊர் திரும்பிய கவச வண்டியைக் கொண்டு ரிப்பன் வெட்டுவது என்று ஏற்பாடு. ரிப்பனைத் தொட்டதும் வண்டியை நிறுத்த வேண்டும். அவ்வளவு எடையுள்ள வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. அது ரிப்பனை அறுத்து, இரும்புக் கதவை மடித்து, உடைமாற்றும் கொட்டகையைச் சாய்த்து, பேண்டு வாத்தியக்காரர் ஒருவரின் பாதத்தின் மேல் ஏறி, ஆழமில்லாத பக்கத்துப் படிக்கட்டில் நின்றது. அவர் அலறியதை முதலில் எல்லோரும் வரவேற்பு என்று நினைத்தோம். மேயர் பதிலுக்குக் கையசைத்தார்.

பிரிவின் பொறுப்பாளர் சார்ஜென்ட் பக்னர். ஹெல்மெட், குண்டு துளைக்காத அங்கி, முழங்கால் வரை பூட்ஸ், இடுப்பில் துப்பாக்கி, மின்சாரத் துப்பாக்கி, லத்தி, விலங்கு, டார்ச்சு என்று அவர் நடந்தால் பாத்திரக்கடை நடப்பது போல இருக்கும். அவருக்கோ அவர் ஆட்களுக்கோ நீந்தத் தெரியாது. பயிற்சிப் பள்ளியில் அது பாடத்தில் இல்லை.

நீந்தக் கற்றுக்கொடுக்க மிஸ் கொரின் இருந்தாள். குளம் பூட்டும் முன்பு நெடுங்காலம் அங்கே லைஃப்கார்டாக இருந்தவள், சினம் கொண்ட குரலும் ஆண்பிள்ளைத் தோளும் உடையவள். காவல்துறையில் லைஃப்கார்டு என்று ஒரு பதவி கிடையாது. காலியாக இருந்தது துப்புக் கொடுப்பவர் பதவி ஒன்றுதான். அதில் அவளைப் போட்டார்கள். சம்பளம் வர வேண்டுமானால் வாரம் ஒரு துப்புக் கொடுக்க வேண்டும். முதல் வாரம் அவள் குளத்தில் ஒரு தவளை இருக்கிறது என்று துப்புக் கொடுத்தாள். மூன்று அதிகாரிகள் வந்து தவளையைச் சுட்டார்கள். தவளை தப்பியது. டைல்ஸ் சில்லு தெறித்து ஒரு தாயின் கன்னம் கிழிந்தது.

குளக்கரையில் ஓடக் கூடாது என்று எல்லாக் குளங்களிலும் எழுதியிருப்பார்கள். இங்கேயும் எழுதியிருந்தார்கள். ஒரு பையன் ஓடினான். பக்னர் மின்சாரத் துப்பாக்கியை எடுத்தார். பையன் விழுந்தான். ஈரத்தரையில் அவனையடுத்து வரிசையாகக் கைகோத்து நின்ற பிள்ளைகளும் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் உருண்டாள். அவள் விழுந்த இடத்தில் தண்ணீர் சிவந்தது. குளோரின் கூடுதலாகப் போடப்பட்டது. ஒரே கருவியால் ஒரு வரிசை முழுவதும் அமைதிப்படுத்தப்பட்டது என்று அன்றைய அறிக்கை சொன்னது.

மாதக் கடைசியில் க்ளெய்போர்ன் தொலைக்காட்சியில் பேசினார்.

"மூணு வருஷமா அந்தக் குளத்துல ஒரு குற்றம்கூடப் பதிவாகல. ஏன்? பதிவு பண்ண நாங்க அங்க இல்ல. இப்ப ஒரே மாசத்துல நாப்பதுக்கு மேல பதிவு பண்ணியிருக்கோம். அப்ப எவ்வளவு பெரிய அபாயத்த இத்தன நாளா சும்மா பூட்டிப் போட்டிருந்தோம்னு யோசிச்சுப் பாருங்க. எங்களுக்கு இன்னும் ஆள் வேணும்."

இருந்தும் தாய்மார்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள். குவாரியில் விழுந்தவன் எழுந்து வரமாட்டான், குளக்கரையில் விழுந்தவன் அரை மணியில் எழுந்துவிடுவான். எங்கள் தெருவில் பாதுகாப்புக்கு அப்படி ஒரு கணக்கு இருந்தது.

கெசியா மூன்றே வாரத்தில் தண்ணீரோடு சிநேகமாகிவிட்டாள். மல்லாந்து மிதக்கத்தான் பயந்தாள்.

"காதுல தண்ணி போவுது மிஸ் கொரின்."

"போகட்டும்டி தங்கம். காத முழுக்க நனைய விடு. வெளிய எவன் கத்தினாலும் கேக்கக் கூடாது. காது கேக்கற வரைக்கும் ஒடம்பு பயந்துட்டேதான் இருக்கும்."

அவள் மிதந்தாள். அடுத்து மூழ்குபவரைக் காப்பாற்றும் பிடியையும் கொரின் சொல்லிக்கொடுத்தாள். "முன்பக்கமா போனா ஒன் கழுத்தக் கட்டிக்கிட்டு ஒன்னையும் இழுத்துட்டுப் போயிடுவான். பின்னாடி போ. ஒரு கையால கழுத்தச் சுத்தித் தாடையப் புடி. மூஞ்சிய வானத்துக்குத் திருப்பு. இன்னொரு கையால மெதவக் கயித்தப் புடி. எந்தக் கையையும் விடாத. விட்டேன்னா ரெண்டு பேரும் காலி."

கெசியா அதை ஆழமில்லாத பக்கத்தில் அம்மாவின் தலையை வைத்துப் பழகினாள்.

"அம்மா, செத்த மாதிரி இரு."

"வேல முடிஞ்சு வந்தா நான் எப்பவும் அப்படித்தானேடி இருக்கேன்," என்றாள் ஒர்னெட்டா.

மிஸ் கொரினுக்குத் துப்புகள் தீர்ந்துவிட்டன. அந்த வாரம் வேறு எதுவும் கிடைக்காமல் உண்மையைச் சொன்னாள்: நீச்சல்குளப் பிரிவில் நீந்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பிரிவுக்கு வந்த முதல் சரியான துப்பு அதுதான். துறையின் பலவீனம் வெளியே தெரிந்தால் எதிரிகள் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று மேலிடம் முடிவு செய்தது. எதிரிகள் யார் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை காலை அவள் தண்ணீரில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வெளியே வரச் சொன்னார்கள். ஏறுவதற்குக் கைப்பிடியைப் பற்றினாள். கையை அசைத்தாள் என்று மணிக்கட்டில் லத்தி விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் குளத்தின் மறுகரைக்குக் கேட்டது. "அப்ப எதைப் புடிச்சுடா ஏறுறது?" என்று கேட்டாள். அது தனிக்குற்றமாகச் சேர்க்கப்பட்டது. ஈரம் சொட்டச் சொட்ட அவளை வண்டியில் ஏற்றினார்கள்.

"இனிமே புள்ளைங்கள யாரு பாத்துப்பா?" என்று ஒரு தாய் கேட்டாள்.

"நாங்க இருக்கோமே மேடம்," என்றார் பக்னர்.

அன்று மதியம் ஒர்னெட்டா வேலை முடிந்து ஒரு பை அவித்த வேர்க்கடலையோடு குளத்துக்கு வந்தாள். கெசியா ஆழமான பக்கத்தில், குளத்தின் நீளவாக்கில் கட்டிய மிதவைக் கயிற்றுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தாள். கண்கள் மூடியிருந்தன, முகம் மட்டும் வெளியே தெரிந்தது. தன் வயிற்றில் பிறந்த ஒன்று தண்ணீரின் மேல் இப்படிக் கிடக்க முடியும் என்று ஒர்னெட்டாவுக்கு நம்பிக்கை வரவில்லை. கடலையை உரிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பக்னர் இடைவேளை விசில் ஊதினார். எல்லோரும் வெளியே வந்தார்கள், கெசியாவைத் தவிர.

"தண்ணில இருக்கற பொண்ணே, வெளிய வா," என்றார் ஒலிபெருக்கியில். மறுபடியும் சொன்னார். மூன்றாம் முறை சொன்னபோது அவர் குரல் மாறியிருந்தது.

ஒர்னெட்டா எழுந்தாள். "சார், அவளுக்குக் கேக்கல சார். காது தண்ணிக்குள்ள இருக்கு."

"பின்னாடி போங்க மேடம். மூணு தடவ சொல்லியாச்சு. பணிய மாட்டேங்கறா."

"தண்ணிய லேசா அசைச்சு விடுங்க சார். இல்ல ஒரு பந்தத் தூக்கிப் போடுங்க. கண்ணத் தெறந்துடுவா."

பக்னர் தோளிலிருந்த வயர்லெஸ்ஸில் பேசினார். "சந்தேக நபர் தண்ணியில. தாயார் பொருள் எறியச் சொல்லித் தூண்டறாங்க. ஆள் அனுப்புங்க."

மூன்று வண்டிகளில் ஆறு பேர் வந்தார்கள். வந்தவர்கள் வரும்போதே துப்பாக்கியை உருவியிருந்தார்கள். கெசியா வானத்துக்கு முகம் காட்டி மிதந்துகொண்டிருந்தாள். உள்ளே போய் அவளைப் பிடிப்பது என்று முடிவாயிற்று. பக்னர், பூட்ஸும் அங்கியும் ஹெல்மெட்டும் அணிந்தபடி, ஆழமான பக்கத்தில் குதித்தார். தயங்காமல் அடிக்குப் போனார்.

அதிகாரிகள் தண்ணீரின் விளிம்பில் நின்று கட்டளையிட்டார்கள். "சார்ஜென்ட், மேல வாங்க! உடனே மேல வாங்க!" தண்ணீரில் குமிழ்கள் எழுந்தன. குமிழ்கள் கரையை நோக்கி நகர்வதைக் கண்ட இளம் அதிகாரி ஒருவர் சுட்டார். ஒருவர் சுட்டதால் மற்றவர்களும் சுட்டார்கள். லைஃப்கார்டு உட்காரும் உயரநாற்காலியின் கால் முறிந்து விழுந்தது. ஐஸ்கிரீம் வண்டியில் ஓட்டை விழுந்தது. வேலிக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கெண்டைக்காலில் குண்டு பாய்ந்தது. தண்ணீர் அமைதியாகவில்லை.

அந்த அதிர்வில்தான் கெசியா கண்ணைத் திறந்தாள். கரையில் துப்பாக்கிகளைப் பார்த்தாள். கீழே பார்த்தாள், தண்ணீருக்கடியில் ஒரு ஹெல்மெட் தெரிந்தது. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது பக்னரின் கழுத்துப்பட்டை அவள் பிடியில் இருந்தது. பின்பக்கமாகப் போய் ஒரு கையால் கழுத்தைச் சுற்றித் தாடையைப் பிடித்தாள், முகத்தை வானத்துக்குத் திருப்பினாள், மறுகையால் கயிற்றைப் பற்றினாள். பாடத்தில் ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அதிகாரிகள் அந்தப் பிடியை அடையாளம் கண்டுகொண்டார்கள். அவர்களும் அதைப் பயிற்சிப் பள்ளியில் கற்றிருந்தார்கள், வேறு காரணத்துக்காக.

"கழுத்தப் புடிச்சிருக்கா! கழுத்தப் புடிச்சிருக்கா!"

"கையத் தூக்கு! ரெண்டு கையையும் தூக்கு!"

எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம். போலீஸ் கூப்பிட்டால் கையைத் தூக்கு. ஓடாதே, எதிர்த்துப் பேசாதே, ஏன் என்று கேட்காதே, தப்பு அவர்கள் மேல் இருந்தாலும் முதலில் கையைத் தூக்கு. ஒர்னெட்டா இதைக் கெசியாவுக்கு நான்கு வயதிலிருந்து சொல்லியிருக்கிறாள். சோற்று மேசையில் வைத்து ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறாள்.

கெசியா அம்மாவைப் பார்த்தாள். வளர்த்தபடி வளர்ந்த பிள்ளை அது. கயிற்றிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. பக்னரின் வாய் தண்ணீருக்குள் போயிற்று. அவளுடைய தாடையும் போயிற்று.

ஒர்னெட்டா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு விளிம்புக்கு நடந்தாள். துப்பாக்கிகளுக்கும் மகளுக்கும் நடுவே வந்ததும் துப்பாக்கிகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"தூக்காத! கெசியா, தூக்காதடி! கயித்தப் புடி! அவங்க சொல்றதக் கேக்காத, விடாத!"

"மேடம், கீழ படுங்க!"

"விடாதடி!"

சுட்டார்கள். ஒரு குண்டு அவள் வலது தோளுக்குள் புகுந்து கழுத்தெலும்பை உடைத்துக்கொண்டு முன்னால் வந்தது. ஒர்னெட்டா டைல்ஸின் மேல் முகம் மோதி விழுந்தாள். கையிலிருந்த பைக் கடலை தண்ணீரெங்கும் சிதறியது. விழுந்த பிறகும் அவள் வாய் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. கெசியா கயிற்றில் பிடியை மாற்றி மாற்றி, கால்களை உதைத்து, பக்னரை ஆழமில்லாத பக்கத்துக்கு இழுத்து வந்து கவச வண்டி உடைத்திருந்த படியில் கிடத்தினாள். அவர் தண்ணீரைக் கக்கினார், பிழைத்துக்கொண்டார்.

அதற்குள் ஒர்னெட்டாவுக்கு விலங்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள். சுடப்பட்ட கை பின்னால் போகவில்லை. போக வைத்தார்கள்.

ஒர்னெட்டாவின் மேல் இரண்டு வழக்குகள். அரசாங்கத் தோட்டா போகும் பாதையை மறித்தது ஒன்று. சட்டத்துக்குப் பணியாதே என்று சிறுமிக்குப் போதித்தது இரண்டு. கெசியாவின் மேல் வழக்குப் போட முடியவில்லை. யாரோ எடுத்த படம் தொலைக்காட்சியில் வந்துவிட்டது, சார்ஜென்டைத் தூக்கிக்கொண்டு நீந்தும் சிறுமியை நாடே பார்த்துவிட்டது. எனவே அவளுக்குப் பதக்கம் கொடுப்பது என்று காவல்துறை தீர்மானித்தது.

ஆகஸ்டில் நகர மன்றக் கூட்டத்தில் பதக்கம் வழங்கினார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. காவலில் இருந்த ஒர்னெட்டாவைப் பார்வையாளராக அழைத்து வந்திருந்தார்கள். வலது கை மார்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. இடது கையை நாற்காலியோடு விலங்கிட்டிருந்தார்கள்.

க்ளெய்போர்ன் பேசினார். "அன்னிக்கு நடந்தது ஒரு அழகான கூட்டு முயற்சி. எங்க ஆளு தண்ணில குதிச்சாரு. இந்தச் சமூகம் அவரத் தூக்கிக் குடுத்துச்சு. இதத்தான் காவல்துறைக்கும் மக்களுக்கும் உள்ள நல்லுறவுங்கறோம். இந்த உறவு தொடரணும்னா எங்களுக்கு ஒரு சின்ன நீர்மூழ்கி வேணும். அது வர்ற வரைக்கும் குளத்துலேருந்து தண்ணிய எறக்கிடறோம். தண்ணி இல்லாத குளத்துல இதுவரைக்கும் யாரும் மூழ்கினதா சரித்திரம் இல்ல."

கெசியாவை அழைத்தார்கள். அவள் வெள்ளைக் கவுனில், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியபடி மேடைக்கு நடந்து வந்தாள்.

"கைய எறக்கும்மா, மெடல் குத்தணும்," என்றார் மேயர்.

"தூக்கச் சொன்னாங்க சார்."

"யாரு சொன்னா?"

"அன்னிக்கு. அந்த சார்ங்க. அன்னிக்கு எனக்குக் கை ஒழியல. இப்பத்தான் ஒழிஞ்சுது."

மண்டபத்தில் யாரோ தும்மியது கேட்டது. "அது முடிஞ்சு போச்சேம்மா," என்றார் மேயர்.

"எறக்கச் சொல்லி யாரும் சொல்லல சார்."

மேயர் சுவரோரம் நின்ற ஆறு அதிகாரிகளையும் பார்த்தார். அவர்கள் கெசியாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லவில்லை. கடைசி வரிசையில் லூதர் பிக்கன்ஸ் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கும் யாரும் சொல்லலீங்க, நாய் செத்த நாள்லேருந்து," என்று அவரும் கைகளைத் தூக்கினார். அவருக்குப் பக்கத்தில், ஜாமீனில் வந்திருந்த மிஸ் கொரின் மாவுக்கட்டோடு ஒரு கையைத் தூக்கினாள். நாக்கில் தையல் போட்டிருந்த சிறுமி தூக்கினாள். அவள் தாய் தூக்கினாள். பேண்டு வாத்தியக்காரர் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூக்கினார். பிறகு மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது, ஒரு வார்த்தை இல்லாமல், எல்லாக் கைகளும் மேலே.

மேயர் விட்லாக் பல கூட்டங்களை நடத்தி முடித்தவர். ஒரு கணம்தான் திகைத்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"அடுத்து, நீச்சல்குளப் பிரிவுக்குக் கூடுதல் ஒதுக்கீடு. பொதுமக்கள் கருத்து. ஆதரிக்கறவங்க கையத் தூக்கலாம்," என்று வேகமாகப் படித்தார்.

புரிவதற்கு எங்களுக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது. முன்வரிசையில் சிலர் கையை இறக்கப் பார்த்தார்கள்.

"யாரும் கைய அசைக்கக் கூடாது!" என்று சுவரோரத்திலிருந்து ஆறு குரல்கள் ஒன்றாகக் கத்தின. ஆறு துப்பாக்கிகளும் வெளியே வந்துவிட்டன. இறங்கிய கைகள் மீண்டும் மேலே போயின.

மேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் அரசியல் வாழ்க்கையில இப்படி ஒரு ஆதரவ நான் பாத்ததில்ல," என்றார். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "எதிர்க்கறவங்க?"

எழுத்தர் தலையை நீட்டி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். கை தூக்காமல் உட்கார்ந்திருந்தது ஒர்னெட்டா ஒருத்திதான்.

"ஒருத்தங்க, சார்."

"பேரக் குறிச்சுக்குங்க," என்றார் மேயர். அதிகாரிகள் ஏற்கெனவே அவளை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.